வாரண்டி முடிந்த பிறகு: மடிக்கணினிப் பழுதும் உடைமையாளர் உரிமையும்

இந்தியாவில் விற்கப்படும் பெரும்பாலான மடிக்கணினிகளுக்கு வாரண்டி ஓராண்டுதான். வாங்குகிறவரோ நான்கைந்து ஆண்டாவது உழைக்கும் என்ற நம்பிக்கையில் பணத்தைப் போடுகிறார். கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு வாங்கிய கருவி அவள் பட்டம் பெறும் வரை ஓடவேண்டும். சிறு கடை நடத்துகிறவருக்கு அதற்கான கடன் தவணை முடிந்த பிறகாவது சில காலம் ஓடவேண்டும். நிறுவனம் பொறுப்பேற்கும் காலத்துக்கும் வாங்கியவர் எதிர்பார்க்கும் காலத்துக்கும் இடையே மூன்று, நான்கு ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த இடைவெளியில் கருவி நின்றுபோனால் யாரிடம் போவது, எவ்வளவு செலவழிப்பது, எந்த உரிமையைக் கேட்பது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

"போர்டு போயிடுச்சு, சரி பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்ற ஒரே வரியில் பல கருவிகளின் கதை இன்று முடிந்துவிடுகிறது. அந்த வரி சில சமயம் உண்மை. பல சமயம் சோதித்துப் பார்க்காமலே சொல்லப்படுவது. எந்தப் பாகம் பழுதானது, ஏன் பழுதானது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால்தான் செலவைக் கணக்கிட முடியும். நல்ல தொழிலாளரிடம் போக முடியும். சட்டத்தின் கதவையும் தட்ட முடியும். அந்த விடை உடைமையாளருக்குக் கிடைக்காமல் இருப்பதே இந்தச் சிக்கலின் வேர் என்பது என் முடிவு.

ஓராண்டு என்ற கணக்கு

மின்னணுக் கருவிகள் பழுதாகும் விதத்தைப் பொறியாளர்கள் மூன்று கட்டங்களாகப் பிரிப்பார்கள். தொழிற்சாலையிலேயே நேர்ந்த குறைகள் முதல் சில மாதங்களில் வெளிப்பட்டுவிடும். அடுத்து, பழுது அரிதாகவே வரும் நீண்ட காலம். கடைசியாக, பாகங்கள் தேய்ந்து ஓயும் காலம். ஓராண்டு வாரண்டி முதல் கட்டத்தை முழுதாகவும் இரண்டாவதின் தொடக்கத்தையும் தாங்குகிறது. தேய்மானம் முழுக்க வாங்கியவர் தலையில் விழுகிறது. இதுவரை இந்தக் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது என்றே சொல்லலாம்.

நான்காவதாக ஒரு வகை உண்டு. வடிவமைப்பிலோ தேர்ந்தெடுத்த பொருளிலோ உள்ள குறை, நூற்றுக்கணக்கான முறை சூடேறிக் குளிர்ந்த பிறகே வெளியே வருவது அது. கருவி விற்பனையாகும் நாளிலேயே அந்தக் குறை உள்ளே இருக்கிறது. வெளிப்படும்போது வாரண்டி முடிந்திருக்கிறது. தேய்மானத்தையும் இந்த மறைகுறையையும் ஒரே தட்டில் வைத்து "வாரண்டி முடிந்துவிட்டது" என்று கைவிரிப்பதில்தான் அநியாயம் இருக்கிறது.

எது பழுதாகிறது, ஏன்

முதலில் ஓய்வது பெரும்பாலும் பேட்டரி. சாதாரண லித்தியம் அயன் பேட்டரி 300 முதல் 500 முழுச் சுற்றுகளுக்குள் தன் கொள்ளளவில் சுமார் 80 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். எப்போதும் சார்ஜரிலேயே மாட்டி நூறு விழுக்காட்டில் வைத்திருப்பதும் வெப்பமும் இந்தத் தேய்வை விரைவுபடுத்தும். டச்பேட் மேலே எழும்பினாலோ, மூடி சரியாகப் பொருந்தாமல் போனாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். உப்பியிருந்தால் ஒரு நாள்கூட அதைப் பயன்படுத்தக் கூடாது. குத்தவோ அழுத்தவோ கூடாது. தீப்பிடிக்கும்.

அடுத்தது சார்ஜரும் சார்ஜர் பின்னும். பின் ஆட்டம் கண்டால் மின்சாரம் விட்டுவிட்டு வரும். நாளடைவில் போர்டின் மின்பகுதியையும் அது கெடுக்கும். டெல் மடிக்கணினிகள் பலவற்றின் வட்ட பின்னுக்கு நடுவே மெல்லிய ஊசி ஒன்று உண்டு. சார்ஜர் எத்தனை வாட் என்ற தகவல் அதன் வழியாகத்தான் கணினிக்குப் போகிறது. அந்த ஊசி வளைந்தோ உள்கம்பி அறுந்தோ போனால் கணினி ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது, வேகமும் குறைந்துவிடும். பேட்டரி போய்விட்டது, போர்டு போய்விட்டது என்று பெரிய செலவுக்கு இழுத்துச் செல்லும் இந்தக் குறை, வேறொரு நல்ல சார்ஜரை மாட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

திரையைத் தாங்கும் ஹிஞ்ச் உடைவதும் பரவலான குறை. பிளாஸ்டிக் உடம்புக்குள் புதைத்த சிறு பித்தளைத் திருகுதளங்களில் ஹிஞ்ச் முறுக்கப்பட்டிருக்கும். ஹிஞ்ச் இறுகிப்போன பிறகும் திரையை ஒரு மூலையில் பிடித்துத் திறந்துகொண்டே இருந்தால் பித்தளை பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வரும். உடைந்த பிறகும் திறந்து மூடினால் அருகே செல்லும் டிஸ்ப்ளே கேபிள் நசுங்கும். மலிவான குறை விலையுயர்ந்த குறையாகும். திரையில் கோடு விழுவதற்கும் விட்டுவிட்டுக் கறுப்பதற்கும் பலமுறை காரணம் அந்தக் கேபிள்தான். வெளித்திரை ஒன்றை எச்டிஎம்ஐ வழியாக இணைத்துப் படம் சீராக வந்தால், குறை கேபிளிலோ பேனலிலோ இருக்கிறது. கிராபிக்ஸ் பகுதி நன்றாகவே இருக்கிறது.

வெப்பம் மற்ற எல்லாப் பழுதுகளுக்கும் துணைபோகிறது. மின்விசிறியின் வாயில் தூசி அடைத்து, சிப்பின் மேல் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோனால் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அல்லது திடீரென்று அணைந்துவிடும். நம் ஊர்த் தூசிக்கும் வெயிலுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றுவது நல்லது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து போர்டின் நுண்ணிய இணைப்புகளை அரிக்கின்றன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது எண்ணற்ற மின்னணுக் கருவிகள் நனைந்தன. நனைந்த கணினியை வெயிலில் காயவைத்து உடனே ஆன் செய்து பார்ப்பதுதான் பெரிய கேடு. பேட்டரி இணைப்பைக் கழற்றி, போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலோ மீயொலிச் சுத்தப்படுத்தும் கருவியாலோ கழுவி, முழுதாகக் காய்ந்த பிறகே மின்சாரம் கொடுக்கவேண்டும். நீரைவிட, நீர் விட்டுச்செல்லும் உப்பும் அதன்மேல் ஓடும் மின்சாரமும் சேர்ந்துதான் போர்டைத் தின்கின்றன.

எல்லோரும் அஞ்சும் போர்டு பழுதுக்கு வருவோம். சார்ஜரிலிருந்து வரும் சுமார் 19 வோல்ட் மின்னழுத்தம் போர்டில் 5 வோல்ட், 3.3 வோல்ட், செயலிக்கு ஏறத்தாழ 1 வோல்ட் என்று படிப்படியாக இறக்கப்படுகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டுப்பாட்டு ஐசி, சில மாஸ்பெட்டுகள், பல சிறு மின்தேக்கிகள். கடுகளவே உள்ள ஒரு மின்தேக்கி ஷார்ட் ஆனாலும் முழுக் கணினியும் உயிரற்றதாகிவிடும். மல்டிமீட்டரும் சீரான மின்வழங்கியும் வெப்பக் கேமராவும் உள்ள தொழிலாளர், ஷார்ட் ஆன பாதையில் குறைந்த அழுத்தத்தில் மின்சாரம் செலுத்தி, எந்தப் பாகம் சூடாகிறது என்று கண்டுபிடித்து அதை மட்டும் மாற்றிவிடுகிறார். சில ரூபாய் பெறும் பாகம். அதைக் கண்டுபிடிக்கும் அறிவுக்குத்தான் விலை. பயாஸ் மென்பொருள் சிதைந்து கணினி ஆன் ஆகாமல் போவதும் உண்டு. எட்டுக்கால் சிப் ஒன்றை மறுபடி எழுதினால் அது சரியாகும். கிராபிக்ஸ் சிப்பே உள்ளுக்குள் வெடித்திருந்தால் சூடேற்றி ஒட்டுவதோ, அடியிலுள்ள ஈய முத்துகளை மாற்றி ரீபால் செய்வதோ பெரும்பாலும் சில மாதங்கள்தான் தாங்கும்.

உலகம் கண்ட மறைகுறைகள்

வாரண்டி தாண்டி வெளிவரும் மறைகுறை வெறும் ஊகம் அல்ல என்பதற்கு வரலாற்றில் வலுவான சான்றுகள் உண்டு. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் மடிக்கணினி கிராபிக்ஸ் சிப்கள் சிலவற்றின் உறைப்பொருள் பலவீனமானது என்றும் அவை வழக்கத்துக்கு மேல் பழுதாகின்றன என்றும் பொதுவில் அறிவித்தது. அந்தச் செலவுக்காக அது ஒதுக்கிய தொகை 19.6 கோடி டாலர். சிப்பையும் அதன் அடித்தளத்தையும் இணைக்கும் நுண்ணிய ஈய முத்துகள், சூடும் குளிரும் மாறிமாறிப் படும்போது விரிசல் கண்டன. டெல், எச்பி, ஆப்பிள் கணினிகளில் அந்தச் சிப்கள் இருந்தன. அந்நிறுவனங்கள் குறிப்பிட்ட மாடல்களுக்கு வாரண்டியை நீட்டித்தன. அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கு 2010இல் உடன்பாட்டில் முடிந்தது.

2011இல் வெளிவந்த மேக்புக் ப்ரோ கணினிகளில் கிராபிக்ஸ் பழுது பரவலானது. வழக்கும் தொடர் முறையீடுகளும் வந்த பிறகு, 2015 பிப்ரவரியில் ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கும் திட்டத்தை அறிவித்தது. அதே நிறுவனம் 2015 முதல் பயன்படுத்திய பட்டர்ஃபிளை விசைப்பலகை, தூசித் துணுக்கு புகுந்தாலே சிக்கிக்கொண்டது. 2018 ஜூனில், முதல் விற்பனையிலிருந்து நான்கு ஆண்டுகள் வரை இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டம் வந்தது. 2022இல் 5 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்ட சமரசம் அமெரிக்காவின் ஏழு மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

பேட்டரி விஷயத்தில் நிறுவனங்கள் விரைந்து செயல்பட்டிருக்கின்றன, தீ அச்சம் இருப்பதால். 2006 ஆகஸ்டில் சோனி தயாரித்த 41 லட்சம் பேட்டரிகளை டெல் திரும்பப் பெற்றது. 2015 செப்டம்பர் முதல் 2017 பிப்ரவரி வரை பெரும்பாலும் விற்கப்பட்ட 15 அங்குல மேக்புக் ப்ரோக்களின் பேட்டரியை இலவசமாக மாற்றித் தருவதாக 2019 ஜூனில் ஆப்பிள் அறிவித்தது. அதற்குள் அவற்றின் வாரண்டி எப்போதோ முடிந்திருந்தது.

இந்த வரலாறு உடைமையாளருக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. பழுதானவுடன் செய்யவேண்டிய முதல் தேடல், நம் மாடலுக்கு வாரண்டி நீட்டிப்போ திரும்பப்பெறும் அறிவிப்போ இருக்கிறதா என்பது. கருவியின் அடியில் உள்ள வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் கொடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டாவது, தனி ஒருவரின் முறையீடு எளிதில் மறுக்கப்படும். ஒரே மாடல், ஒரே குறை என்று பலர் எழுத்தில் பதிவுசெய்தால் அது வடிவமைப்புக் குறை என்று நிலைநாட்டப்படும்.

கடைக்குப் போகும் முன்

முதலில் காக்கவேண்டியது தரவு. கருவிக்கு விலை உண்டு. குழந்தையின் படங்களுக்கும் ஆய்வேட்டுக்கும் விலை கிடையாது. கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் முதல் வேலையாகப் பிரதி எடுத்துவிட வேண்டும். ஓடவில்லை என்றாலும், கழற்றக்கூடிய எஸ்எஸ்டியோ ஹார்ட் டிஸ்க்கோ இருந்தால், அதை எடுத்து யுஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் படிக்கலாம். விண்டோஸ் தன்னியக்கமாகவே வட்டை மறையாக்கம் செய்திருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்படும். அது பெரும்பாலும் நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கருவி நன்றாக ஓடும் இன்றே அதைத் தேடி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. சேமிப்பகம் போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்ட கணினிகளில் போர்டு போனால் தரவும் சேர்ந்தே சிக்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட கருவியை வைத்திருப்பவருக்குப் பிரதி எடுப்பது பழக்கமாகவே இருக்க வேண்டும்.

அடுத்து, வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள். சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடியதானால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் தேங்கிய மின்னூட்டம் நீங்கும். சில கருவிகள் அதிலேயே எழுந்துகொள்ளும். வேறொரு சார்ஜரை மாட்டிப் பார்க்கவேண்டும், வோல்ட் அளவு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் கவனமாக. விளக்கு எரிந்து திரை மட்டும் வராவிட்டால் ராமைக் கழற்றித் துடைத்து மறுபடி பொருத்தலாம்; இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். டெல் கணினியில் ஆன் செய்யும்போது எஃப்12, எச்பியில் எஃப்2 அழுத்தினால் உள்ளிருக்கும் சோதனை நிரல் திறக்கும். ஆன் ஆகாமல் விளக்கு சிமிட்டினாலோ பீப் ஒலி வந்தாலோ அதன் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளவேண்டும். அது போர்டு தரும் குறியீடு. அந்த மாடலின் கையேட்டில் பொருள் இருக்கும். டெல், எச்பி, லெனோவோவின் திங்க்பேட் ஆகியவற்றுக்குக் கழற்றிப் பொருத்தும் கையேடுகள் தயாரிப்பாளர் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தக் குறிப்புகளோடு கடைக்குப் போகிறவரிடம் "போர்டு போச்சு" என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

மூன்று வழிகள்

வாரண்டி முடிந்தவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் அசல் பாகம் கிடைக்கும். செய்த வேலைக்கு எழுத்தில் உத்தரவாதமும் கிடைக்கும். ஆனால் அங்கே பெரும்பாலும் முழுப் பாகத்தையே மாற்றுவார்கள். ஒரு மின்தேக்கி போனாலும் முழுப் போர்டுக்கும் விலை சொல்வார்கள். அந்த விலை பழைய கருவியின் மதிப்பையே தாண்டிவிடுவதுண்டு. பழைய மாடலுக்குப் பாகம் இல்லை என்ற பதிலும் வரலாம்.

போர்டில் பழுதான சிறு பாகத்தை மட்டும் மாற்றும் சிப் லெவல் வேலை செய்யும் தனியார் கடைகள் இரண்டாவது வழி. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இதற்குப் பெயர்போனது. மற்ற நகரங்களிலும் அப்படிப்பட்ட கடைகள் உண்டு. நுண்ணோக்கியின் கீழ் ஒரு போர்டை உயிர்ப்பிக்கும் அந்தத் தொழிலாளர்களின் திறமையை நாம் போதிய அளவு மதிப்பதில்லை. பெரும்பாலான மாடல்களின் மின்சுற்று வரைபடத்தை நிறுவனங்கள் வெளியிடுவதே இல்லை. கையிலிருந்து கைக்குச் சுற்றும் வரைபடங்களை வைத்தும், உதிரிக்காக வாங்கிய பழைய போர்டுகளிலிருந்து ஐசியைக் கழற்றியும்தான் அவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களிடையே தரவேறுபாடு உண்டு என்பதும் உண்மை. காரணம் என்னவென்று சொல்லத் தெரிந்தவரா, மாற்றிய பாகத்தைத் திருப்பித் தருகிறாரா, பில்லும் ஒன்றிரண்டு மாத உத்தரவாதமும் எழுதித் தருகிறாரா என்பவற்றைப் பார்த்துத்தான் கடையைத் தேரவேண்டும். எதைச் சரிசெய்தாலும் மதிப்பீட்டை முதலில் எழுத்தில் வாங்கி, நம் சம்மதம் இல்லாமல் மேற்கொண்டு செலவு செய்யக் கூடாது என்று சொல்லிவிடவேண்டும்.

கடையில் விடும்போது தரவு பற்றிய கவனம் தேவை. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், சோதனைக்காகக் கணினியைக் கொடுத்த 16 பழுதுநீக்கும் இடங்களில் ஆறில் தொழிலாளர்கள் வாடிக்கையாளரின் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். வன்பொருளைச் சரிசெய்ய நம் கடவுச்சொல் பெரும்பாலும் தேவையில்லை. முடிந்தால் சேமிப்பகத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கருவியை மட்டும் கொடுக்கலாம்.

மூன்றாவது வழி நாமே செய்வது. பேட்டரி, ராம், எஸ்எஸ்டி, மின்விசிறி, பல மாடல்களில் விசைப்பலகை ஆகியவை சரியான திருப்புளியும் பொறுமையும் உள்ள எவரும் மாற்றக்கூடியவை. போர்டில் சூட்டிரும்பை வைக்கும் வேலையைப் பழகாதவர் தொடக்கூடாது. உப்பிய பேட்டரியையும் அப்படியே.

செலவுக் கணக்கு

பழுதுச் செலவு புதுக் கருவி விலையில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த விதி தோராயமானது. கேட்கவேண்டியது, இந்தச் செலவால் எத்தனை ஆண்டுகள் கூடுகின்றன என்பதே. எடுத்துக்காட்டாக, 50,000 ரூபாய்க்கு வாங்கி ஐந்தாண்டு ஓடும் கருவிக்கு ஆண்டுச் செலவு 10,000 ரூபாய். 8,000 ரூபாய்ப் பழுதுநீக்கம் இரண்டாண்டு தந்தால் ஆண்டுக்கு 4,000தான், அது லாபம். அதே தொகையில் சூடேற்றி ஒட்டிய கிராபிக்ஸ் சிப் நான்கு மாதத்தில் மறுபடி போனால் நட்டம். ஆகவே பாகத்தின் விலையைவிடப் பழுதின் வகை முக்கியம். பேட்டரி, எஸ்எஸ்டி, ஹிஞ்ச், கேபிள், ஷார்ட் ஆன மின்தேக்கி ஆகியவற்றைச் சரிசெய்வது பெரும்பாலும் பலன் தரும். நீர் பரவி அரித்த போர்டும் உள்ளே வெடித்த சிப்பும் பெரும்பாலும் தராது.

இந்தக் கணக்கில் நம் பாக்கெட்டுக்கு வெளியே உள்ள செலவும் சேரவேண்டும். ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரியுமிழ்வில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே நிகழ்ந்துவிடுகிறது. 2022இல் உலகம் உண்டாக்கிய மின்கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடு என்றும் 2024ஆம் ஆண்டின் உலக மின்கழிவுக் கண்காணிப்பு அறிக்கை கூறுகிறது. ஒரு கருவியை இரண்டாண்டு கூடுதலாக ஓட்டுவது அந்தக் குவியலிலிருந்து ஒன்றைத் தள்ளிவைப்பதாகும்.

நம் சட்டம் தரும் இடம்

வாரண்டி முடிந்ததும் சட்ட உரிமையும் முடிந்துவிடுகிறது என்பது பரவலான தவறான எண்ணம். வாரண்டி என்பது நிறுவனம் தானாக முன்வந்து எழுதித் தரும் வாக்குறுதி. அதற்கு அப்பால், 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விற்ற பொருள் விற்கத்தக்க தரமும் கேட்ட நோக்கத்துக்கு ஏற்ற தகுதியும் உடையதாக இருக்கவேண்டும் என்ற உட்கிடையான நிபந்தனைகளைத் தன் 16ஆவது பிரிவில் வைத்திருக்கிறது. 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தயாரிப்பாளரின் பொருட்பொறுப்புக்கென்றே தனி அத்தியாயத்தைச் சேர்த்தது. வாங்கியபோதே உள்ளிருந்த உற்பத்திக் குறை என்று காட்ட முடிந்தால், வாரண்டி தேதி மட்டும் முழு விடையாகிவிடாது.

நடைமுறையும் அஞ்சவேண்டிய அளவுக்குக் கடினமல்ல. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு அதன் எண்ணை வைத்துக்கொள்ளவேண்டும். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. நாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். இணையம் வழியாகவும் பதியலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் தொடரவேண்டும். குறை சோதனையால்தான் தெரியும் என்றால் ஆணையம் பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை பெறவும் சட்டம் இடம் தருகிறது. கடையின் பழுதுநீக்கமும் சட்டப்படி ஒரு சேவை. கெடுத்துக் கொடுத்த கடைமீதும் சேவைக் குறைபாடு என்று முறையிடலாம்.

இங்கேதான் நாம் தொடங்கிய இடத்தின் முக்கியத்துவம் தெரிகிறது. "ஆன் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லும் முறையீடு நிற்காது. எந்தப் பாகம், எந்தக் காரணத்தால் என்று ஒரு தொழிலாளர் எழுதித்தந்த அறிக்கை, படங்கள், அதே மாடலில் மற்றவர்களுக்கும் வந்த அதே குறை ஆகியவை சேரும்போதுதான் வழக்குக்கு எலும்பும் சதையும் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பவரின் சட்டப் பொறுப்பு குறைந்தது இரண்டாண்டு. முதலாண்டில் வெளிப்படும் குறை விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் வேலை. நம் சட்டத்தில் அப்படி ஒரு காலவரையறை எழுதப்படாததால் நிரூபிக்கும் பாரம் பெரும்பாலும் வாங்கியவர் மேல்தான் விழுகிறது. இது மாறவேண்டும்.

பழுதுநீக்கும் உரிமை

பழுதைப் பற்றிய அறிவு நிறுவனங்களிடமே பூட்டிக் கிடக்கிறது. உலகில் பல நாடுகள் அந்தப் பூட்டைத் திறக்கத் தொடங்கியிருக்கின்றன. பிரான்ஸ் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி உள்ளிட்ட பொருள்களின் மேல் பத்துக்கு எத்தனை என்ற பழுதுநீக்கத் தகுதி மதிப்பெண்ணை அச்சிடச் செய்தது. ஆவணங்கள் கிடைக்கின்றனவா, எளிதில் கழற்ற முடிகிறதா, உதிரிபாகம் கிடைக்கிறதா, என்ன விலை என்பவற்றை வைத்து அந்த மதிப்பெண் வருகிறது. கலிபோர்னியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சட்டம், 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுப் பொருள்களுக்குத் தயாரிப்பு நின்ற பின் ஏழாண்டு வரை பாகங்களும் கருவிகளும் ஆவணங்களும் தரவேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி ஒழுங்குவிதி, 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே மாற்றக்கூடியதாக அமைக்கச் சொல்கிறது. ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய பழுதுநீக்கும் உரிமை ஆணையின் பட்டியலிலோ கைபேசிகள் இருக்கின்றன. மடிக்கணினி இன்னும் சேரவில்லை.

இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கொரு குழுவை அமைத்தது. அந்த டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையவாசல் திறக்கப்பட்டது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. பழுதுநீக்கத் தகுதிக் குறியீட்டுக்கான பரிந்துரை அறிக்கை 2025 மே மாதம் துறையிடம் தரப்பட்டது; அதிலும் கைபேசிக்கும் கைக்கணினிக்கும்தான் முன்னுரிமை. மாணவரும் சிறுதொழில் செய்பவரும் பிழைப்புக்கு நம்பியிருக்கும் மடிக்கணினி பின்வரிசையில் நிற்கக் கூடாது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் அரசு நிறுவனமான எல்காட் வழியாக 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் வழங்கப்பட்டன. அவற்றின் வழியாக முதல் முறையாகக் கணினியைத் தொட்ட வீடுகள் ஏராளம். புதிதாக வாங்க வழியில்லாத அந்த வீடுகளில், நின்றுபோன கருவி படிப்பையே நிறுத்திவிடக்கூடும். இவ்வளவு பெரிய அளவில் வாங்கும் அரசுக்குப் பேரம் பேசும் வலிமை இருக்கிறது. ஒப்பந்தத்திலேயே ஐந்தாண்டுக்கு உதிரிபாகம், வெளிப்படையான பழுதுநீக்கக் கையேடு, மின்சுற்று வரைபடம் ஆகியவற்றைக் கேட்கலாம். அவற்றைப் பாடமாக வைத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களில் சிப் லெவல் பயிற்சி தரலாம். பழுதான கருவிகளுக்கு வாழ்வும் இளைஞர்களுக்கு வேலையும் ஒன்றாகக் கிடைக்கும்.

வாங்குகிறவர் செய்யக்கூடியவையும் உண்டு. வாங்கும் முன்பே ராமும் எஸ்எஸ்டியும் கழற்றக்கூடியவையா, பேட்டரி திருகில் இருக்கிறதா பசையில் இருக்கிறதா, பழுதுநீக்கக் கையேடு பொதுவில் கிடைக்கிறதா என்று கேட்கவேண்டும். கூடுதல் வாரண்டியை வாங்குவதானால் அது விபத்துச் சேதத்தையும் பேட்டரியையும் உள்ளடக்குகிறதா என்று படித்துப் பார்த்து வாங்கவேண்டும். பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும். வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது கருவியை முழுதாகச் சோதித்து, சிறு குறை இருந்தாலும் எழுத்தில் பதிவுசெய்துவிட வேண்டும். முடிவதற்குள் பதிந்த முறையீடு பின்னால் பெரிய ஆதாரம்.

தேய்மானத்தின் செலவை உடைமையாளர் ஏற்பது நியாயம். மறைகுறையின் செலவை நிறுவனம் ஏற்பதுதான் நியாயம். இரண்டையும் பிரித்தறியும் அறிவு இன்று வரைபடங்களாகவும் சோதனைக் கருவிகளாகவும் நிறுவனங்களின் பூட்டுக்குள் இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய பொருள் எப்படி இயங்குகிறது, ஏன் நின்றது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்தப் பொருளோடு சேர்த்தே விற்கப்படவேண்டும். சட்டமாக அதைப் பெறும் வரை, ஒவ்வொரு பழுதின்போதும் எழுத்தில் காரணம் கேட்பதே நம்மால் உடனே தொடங்கக்கூடிய வேலை.